ஓடாமலே பேட்டரி இறங்கிய கார்

எதிர்வீட்டுக்காரர் கார் காலையில் ஸ்டார்ட் ஆக மறுக்கிற நாட்களில் எனக்கு வீட்டுக்குள் இருப்புக் கொள்ளாது. கட்டிலில் கிடந்தாலும் காது மட்டும் வாசலுக்குப் போய்விடும். இன்ஜின் நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வரவில்லை என்று நினைத்துக்கொள்வேன். இழுத்து இழுத்து, நோயாளி முனகுவதுபோல் சுற்றினால் பேட்டரி. 'டிக்' என்று ஒற்றைச் சத்தத்தோடு அடங்கிவிட்டால் என்னால் படுத்திருக்க முடியாது. எழுந்து உட்கார்ந்துவிடுவேன். அடுப்படியிலிருந்து என் மனைவி செல்வி குரல் கொடுப்பாள்.

"பேசாமப் படுங்க. குனியக் கூடாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருக்காரு."

முதுகுத்தண்டில் ஆபரேஷன் ஆனபிறகு ஒர்க்‌ஷாப் பக்கம் போவதை நிறுத்திவிட்டேன். அருப்புக்கோட்டையில் கார் எலக்ட்ரீஷியனாக வேலை பார்த்தவன் நான். முப்பது வருஷத்துக்கு மேல் பானெட்டுக்குள் குனிந்தே கிடந்ததற்கு முதுகு கேட்ட விலை அது. எங்கள் மெக்கானிக் சங்கத்து இளைஞர்கள் ஆண்டு மலர் போடுகிறார்களாம். "சங்கரலிங்கம் அண்ணே, ஸ்டார்ட் ஆகாத வண்டின்னாலே ஒங்க பேரத்தான் சொல்றாக. நீங்க பாத்ததுல ரெண்டு மூணு எழுதிக் குடுங்க" என்று கேட்டுப் போனார்கள். காரில் செருகினால் கோளாறைக் காட்டிவிடுகிற ஸ்கேனரைக் குறை சொல்லி எழுதுவேன் என்று எதிர்பார்க்கிறார்களோ என்னவோ. அது நல்ல சாமான். கடைசிச் சில வருஷங்கள் நானும் அதைத்தான் மாட்டிப் பார்த்தேன். என் ஏக்கம் அதைப் பற்றியது அல்ல. செத்துக் கிடந்த இன்ஜின் ஒரு உதறு உதறிப் பிடித்துக்கொள்ளும் அந்த நொடியைப் பற்றியது. அதைவிட, அந்த நொடியில் என் எதிரே இருந்த மனிதரைப் பற்றியது.

அவர் காஜா பாய். திருச்சுழி ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். எங்கள் ஊர் பாலவனத்தம். மானாவாரிப் பருத்தி அடுத்தடுத்துப் பொய்த்துப்போன காலத்தில், பத்தாவது முடித்த என்னை அப்பா பஸ் ஏற்றிக் கூட்டிவந்து பாயிடம் விட்டார். மண்ணெண்ணெயில் சாமான் கழுவினேன், பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றினேன், டைனமோவுக்குச் செம்புக் கம்பி சுற்றினேன். சில வருஷத்தில் வயரிங் முழுவதும் என் கைக்கு வந்துவிட்டது. படித்த காலத்தைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான். அதற்குப் பிறகுதான் பாய் என்னைத் தன் கூட நிறுத்திக்கொண்டார்.

பாய் எப்போதும் வெள்ளைச் சட்டையும் வெள்ளைத் தொப்பியுமாகத்தான் வருவார். கிரீஸும் கரியுமாகக் கிடக்கிற இடத்தில் அந்தச் சட்டையில் ஒரு கறை பட்டு நான் பார்த்ததில்லை. சத்தம் போட்டுப் பேசமாட்டார். வண்டி வந்ததும் நாங்கள் பானெட்டைத் திறக்க ஓடுவோம். அவர் தடுத்துவிடுவார். வண்டிக்காரரை வேப்பமர நிழலில் சேர் போட்டு உட்காரவைத்து, டீ சொல்லிவிட்டு, சம்பந்தம் பேச வந்தவர்போல விசாரிக்க ஆரம்பிப்பார்.

"கடைசியா எப்ப ஓடுச்சு? யாரு ஓட்டுனாக? எங்க நிப்பாட்டுனாக, வெயில்லயா நெழல்லயா? நிப்பாட்டுறதுக்கு முந்தி ஏதாவது சத்தம் கேட்டுச்சா?"

எல்லாம் கேட்டு முடித்தபிறகுதான் என் பக்கம் திரும்புவார். "சுத்துதா, சுத்தலையா?"

அதுதான் முதல் கேள்வி. இன்ஜின் சுற்றிப் பிடிக்கவில்லை என்றால் ஒரு வழி, சுற்றவே இல்லை என்றால் வேறு வழி. சுற்றாத வண்டிக்கு அவர் முறை மாறவே மாறாது. முதலில் ஹெட்லைட்டைப் போடச் சொல்வார். லைட் எரியும்போதே சாவியைத் திருப்ப வேண்டும். லைட் அடியோடு அணைந்துபோனால் பேட்டரியிலோ அதன் இணைப்பிலோ கோளாறு. லைட் கொஞ்சம்கூட மங்காமல் எரிந்தால் மோட்டாருக்குக் கரண்ட் போய்ச் சேரவே இல்லை. பாதி மங்கி நின்றால் கரண்ட் போகிறது, மோட்டார் இறுகிக் கிடக்கிறது. அடுத்து, பேட்டரி முனையில் வயரைக் கவ்வியிருக்கிற கிளாம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டும். லூசாக இருந்தால் அந்த இடம் சுடும்.

"பொறங்கையால தொடுலே. ஒன் உள்ளங்கைதான் காச்சுப்போச்சே, அதுக்கு என்ன தெரியும்?" என்பார்.

ஸ்டார்ட் ஆகாத வண்டிக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சாவியில், ஒருவர் பானெட்டுக்குள். முதலாளியாக இருந்தும் சாவியில் உட்காருவது பாய்தான். பானெட் தூக்கியிருக்கும்போது அதற்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் எனக்கு அவருடைய தொப்பியும் நெற்றியும் மட்டும் தெரியும். நான் விரலை உயர்த்துவேன். அவர் சாவியைத் திருப்புவார். மடக்குவேன், விட்டுவிடுவார். வாய்ப்பேச்சே கிடையாது. வண்டி பிடித்துக்கொண்டதும் இறங்கி வந்து ஒன்றே ஒன்று கேட்பார்.

"தெரிஞ்சுச்சா?"

வண்டி ஓடுகிறதே, இன்னும் என்ன என்று ஆரம்பத்தில் எனக்கு எரிச்சலாக வரும். அவருக்கு ஓடினால் போதாது. ஏன் நின்றது என்று தெரிய வேண்டும். தெரியவில்லை என்று சொன்னால் வண்டியை அனுப்பமாட்டார். "இப்ப ஓடும். நாளைக்குப் பிள்ளைகுட்டியோட நடுரோட்டுல நிப்பாகலே" என்பார்.

பரளச்சியில் ஒரு கல்யாணம். மண்டப வாசலில் பூ அலங்காரம் செய்த கார் கிளம்பவில்லை என்று ஆள் வந்தது. பாயும் நானும் போய்ச் சேர்ந்தபோது மாப்பிள்ளையும் பொண்ணும் காருக்குள் வேர்த்து வடிந்துகொண்டிருந்தார்கள். சுற்றிலும் கூட்டம். மாப்பிள்ளையின் அத்தை ஒருவர், "மொதமொதப் பொறப்படுறப்பவே இப்பிடித் தடங்கலானா என்ன அர்த்தம்?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொல்லிக்கொண்டிருந்தார். பொண்ணு தலையைக் குனிந்தவள் நிமிரவில்லை. கண்ணில் தண்ணீர் நிற்கிறது. கார் நின்றதற்கு அந்தப் பிள்ளை என்ன செய்யும்?

பாய் சாவியில் உட்கார்ந்தார். 'டிக்' என்ற சத்தம், லைட் அணைந்துபோனது. புறங்கையை வைத்தேன், கிளாம்பு சுட்டது. பூ அலங்காரத்துக்குச் சீரியல் பல்பு மாட்டியவர்கள் பேட்டரியிலிருந்து வயரை எடுத்துவிட்டு, நட்டைத் திரும்ப முடுக்காமல் போயிருக்கிறார்கள். முடுக்கியதும் வண்டி பிடித்துக்கொண்டது. பாய் இறங்கி, நேரே அந்த அத்தையிடம் போனார்.

"சகுனத்துல ஒரு கொறையும் இல்லம்மா. நட்டு லூசு. அம்புட்டுத்தான்."

கூட்டம் சிரித்துவிட்டது. அந்த அம்மாவும் சிரித்தார். கார் நகரும்போது கண்ணாடி வழியாகப் பொண்ணு பாயைப் பார்த்துக் கை கூப்பியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஏன் நின்றது என்று தெரிந்துகொள்வதில் இத்தனை இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

ஆனால் மலருக்கு எழுத வேண்டும் என்றதும் என் நினைவுக்கு முதலில் வந்தது அந்தக் கல்யாணக் கார் இல்லை. திருச்சுழி ராஜாமணி அண்ணாச்சி வீட்டு வெள்ளைக் கார்.

அண்ணாச்சி திருச்சுழி கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்தார். குள்ளமான, இறுகிய உடம்பு. வாய் திறந்தால் வெடுக்கென்றுதான் பேச்சு வரும். அவர் மனைவி பாக்கியம் அக்காதான் ஒர்க்‌ஷாப்புக்குப் போன் செய்தார். பைக்கில் போனேன். வீட்டுக்குப் பின்னால், பின்சந்துப் பக்கம் திறக்கிற தகரக் கொட்டகையில் கார் நின்றது. பேட்டரி சுத்தமாக இறங்கியிருந்தது. வேறு பேட்டரியிலிருந்து வயர் போட்டு ஸ்டார்ட் செய்தேன். சார்ஜ் நன்றாக ஏறியது. இருந்தது பழைய பேட்டரிதான். புதிதாக ஒன்று மாற்றிக் கொடுத்தேன்.

மோர் கொண்டுவந்த அக்கா, கார் யாருடையது என்று சொன்னார். ஒரே மகன் கார்த்தி. சென்னையில் வேலை பார்த்துத் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய கார். படித்து முடித்ததும் கடைக்கு வந்து உட்காருவான் என்று அண்ணாச்சி நினைத்திருக்கிறார். அவன் மாட்டேன் என்று சொல்லியிருக்கிறான். வார்த்தை முற்றி, காரைக் கொட்டகையில் விட்டுவிட்டு சவூதிக்குப் போய்விட்டான். அப்பாவும் மகனும் பேசிக்கொள்வதில்லை. வாரம் ஒருமுறை அக்காவிடம் மட்டும் பேசுவான். கடையில் லோடு ஆட்டோ ஓட்டுகிறவர் ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிக் கொண்டுவந்து விடுவார். அவ்வளவுதான் அதற்கு ஓட்டம்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அண்ணாச்சி கடையிலிருந்து வந்துவிட்டார்.

"இதுக்குப் புதுப் பேட்டரி ஒரு கேடா? வித்துத் தொலைங்கன்னு எத்தன தடவ சொல்றது? வாங்குனவனே வேணாம்னு போட்டுட்டுப் போயிட்டான்."

அக்கா மோர்ச் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். நானும் சாமானை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

அடுத்த வாரமே மறுபடி போன். புதுப் பேட்டரி இறங்கிக் கிடந்தது. ஓடாமல் நிற்கிற காரில் பேட்டரி இப்படி இறங்கினால், எங்கேயோ கரண்ட் ஒழுகுகிறது என்று அர்த்தம். பேட்டரியின் நெகடிவ் வயரைக் கழற்றி, நடுவில் மீட்டரை வைத்து, எல்லாக் கதவையும் சாத்திவிட்டு உட்கார்ந்தேன். இப்போதைய கார்கள் அணைத்தவுடன் தூங்கிவிடாது. மெதுவாகத்தான் அடங்கும். அதுவரை கதவைத் திறக்காமல் காத்திருக்க வேண்டும். மீட்டரில் துளியளவு கரண்ட்தான் ஓடியது, எந்தக் காரிலும் இருக்கிற அளவு. சந்தேகம் போகவில்லை. ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்கிப் பார்த்தேன். டிக்கி லைட் உள்ளே எரிந்துகொண்டே இருக்கிறதா என்று என் செல்போனை வீடியோ எடுக்கவிட்டு உள்ளே வைத்து மூடிப் பார்த்தேன். எலி கடித்திருக்கிறதா என்று வயரை எல்லாம் விரலால் தடவினேன். ஒன்றும் இல்லை.

காரை ஒர்க்‌ஷாப்புக்கே கொண்டுவந்துவிட்டேன். இங்கே நின்ற ஒரு வாரமும் தினமும் காலையில் ஒரே சாவியில் பிடித்துக்கொண்டது. திரும்பக் கொண்டுபோய்த் திருச்சுழியில் விட்டால் சில நாளில் செத்துவிடுகிறது. இப்படியே மறுபடியும் நடந்தது. எனக்குத் தூக்கம் கெட்டது. சாப்பிடும்போதுகூட மனதுக்குள் அந்தக் காரின் வயரைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டிருப்பேன்.

அப்போதுதான் அக்கா நேரில் வந்தார். மார்க்கெட்டுக்கு வந்தவர் அப்படியே ஒர்க்‌ஷாப்புக்கு வந்து, வெயிலில் நின்றபடியே பேசினார்.

"தம்பி, கார்த்தியும் போன்ல சொல்லிட்டான், நிக்கிற வண்டிய வித்துருங்கன்னு. 'நான் இனி அங்கிட்டு வர்றதா இல்லம்மா'ங்குறான். இவுக புரோக்கர்ட்ட சொல்லிட்டாக. அடுத்த வாரம் பாக்க வாராகளாம். வண்டி மட்டும் ஒழுங்கா ஸ்டார்ட் ஆச்சுன்னா, கோயிலுக்கு ஆஸ்பத்திரிக்குன்னு ஒரு சாக்குச் சொல்லி வச்சுக்கிருவேன். அந்த வண்டி வீட்டுல நின்னாத்தான் எனக்கு எம்மகன் என்னிக்காச்சும் வருவான்னு ஒரு நெனப்பு. அதுவும் போயிருச்சுன்னா..."

முடிக்காமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பாய் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா போனதும் என்னைக் கூப்பிட்டார்.

"தெரிஞ்சுச்சா?"

"தெரியல பாய். எங்கயுமே ஒழுகல."

கொஞ்ச நேரம் தாடியைத் தடவிக்கொண்டிருந்தார். "இங்க நின்னா நல்லாருக்கு. அங்க போனா எறங்குது. ஒழுகலன்னா யாரோ எடுக்குறாகன்னுதானலே அர்த்தம்? வண்டியப் பாத்தது போதும். உள்ள சீட்டப் பாத்தியா, தூசி இருந்துச்சா?"

நான் பார்க்கவில்லை. வயரைப் பார்த்தவன் சீட்டைப் பார்க்கவில்லை.

மறுநாள் மத்தியானம் போனேன். வெயில் கொளுத்துகிற நேரம். கடைத்தெருவில் பாதிக் கடை சாத்தியிருந்தது, அண்ணாச்சி கடையும்தான். வாசல் வழியாகப் போகாமல் பின்சந்து வழியாகவே கொட்டகைக்குப் போனேன். சீட்டை மட்டும் பார்த்துவிட்டு வருகிற எண்ணம். பக்கத்தில் போகும்போதே மெல்லிசாகப் பாட்டுச் சத்தம் கேட்டது. ஏதோ புதுசு, இளவட்டங்கள் கேட்கிற பாட்டு.

காரின் இடது பக்கக் கண்ணாடி இறங்கியிருந்தது. அந்த சீட்டில் அண்ணாச்சி உட்கார்ந்திருந்தார். சட்டை இல்லை. தோளில் துண்டு. டேஷ்போர்டுக் காற்றாடி முழு வேகத்தில் ஓட, கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் இருந்தார். பக்கத்தில் ஓட்டுநர் சீட் காலியாக இருந்தது. அதில் மட்டும் கரிசல் தூசி மெலிதாகப் படிந்திருந்தது.

திரும்பிப் போய்விடலாம் என்றுதான் நினைத்தேன். அதற்குள் அவர் கண் திறந்துவிட்டார். சட்டென்று பாட்டை நிறுத்தினார். திட்டப் போகிறார் என்று எதிர்பார்த்தேன். அவர் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்.

"இதுனாலதான் பேட்டரி எறங்குதா?"

"ஆமாண்ணாச்சி. இன்ஜின் ஓடாமக் காத்தாடியும் பாட்டும் போட்டா தாங்காது."

"எனக்கு அது தெரியாது." பிறகு தானாகவே சொன்னார். "வண்டி வாங்குன அன்னிக்கு நேரா கடை வாசல்ல கொண்டாந்து நிப்பாட்டுனான். இந்தப் பக்கக் கதவத் தொறந்து வச்சுக்கிட்டு, 'ஏறுங்கப்பா, மதுர வரைக்கும் போயிட்டு வருவோம்'னான். யேவாரத்த யாரு பாப்பான்னு கேட்டுட்டுத் திரும்பிக்கிட்டேன். மொகத்தக் கூடப் பாக்கல. அதுக்கப்பொறம் எத்தனையோ தடவ கூப்புட்டான். ஒரு தடவ கூட ஏறல சங்கரலிங்கம். பஸ்ஸுலதான் போனேன். அவன் வண்டியில போயிக்கிட்டிருக்க, நான் பஸ்ஸுல போனேன்."

"அப்பறம் எதுக்கண்ணாச்சி விக்கச் சொல்றீக?" என்று கேட்டுவிட்டேன்.

"வேற என்ன சொல்லச் சொல்ற? வச்சுக்கிருவோம்னு சொன்னா, அவன நெனச்சுக்கிட்டே இருக்கேன்னு ஆயிருமுல்ல."

இறங்கி, கதவைச் சத்தம் வராமல் சாத்தினார். சாவியை மடியில் செருகிக்கொண்டார். "அவட்ட சொல்லிராத. இனிமே உக்கார மாட்டேன்" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போய்விட்டார்.

ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பியபோது பாய் தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்திருந்தார். "தெரிஞ்சுச்சா?" என்றார். தெரிந்தது என்று நடந்ததைச் சொன்னேன். பாய்க்கும் இரண்டு பையன்கள் ஷார்ஜாவில் இருந்தார்கள். பேரப்பிள்ளைகளைப் போனில் பார்த்தவர்தான், மடியில் வைத்ததில்லை. நான் சொல்லி முடித்ததும் எழுந்து வெளியே போனார். வேப்பமரத்தடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். திரும்பி வந்தபோது நேராக பேட்டரி அலமாரிக்குப் போய், ஒன்றை இறக்கி, அந்த வெள்ளைச் சட்டையோடேயே நெஞ்சில் அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தார். சட்டையில் கரிக்கோடு விழுந்திருந்தது. அவர் கவனிக்கவில்லை.

"நல்ல பேட்டரி. இதத் தனியா வச்சுக் குடு. அந்தாளு உக்காரட்டும்."

மறுநாள் நாள் முழுக்க திருச்சுழியில் வேலை பார்த்தேன். காரின் ஸ்டீரியோ வயரை இன்ஜின் பேட்டரியிலிருந்து பிரித்தேன். பாய் கொடுத்த பேட்டரியை டிக்கியில் ஒரு மரப்பெட்டிக்குள் அமர்த்தி, ஸ்டீரியோவை அதில் சேர்த்தேன். லாரிக்காரர்கள் முன்னால் வைத்துக்கொள்கிற சின்னக் காற்றாடி ஒன்றை இடது சீட்டைப் பார்த்து மாட்டினேன். வீட்டுக் கரண்டில் செருகுகிற சார்ஜர் ஒன்றைக் கொட்டகைச் சுவரில் வைத்தேன். இனி எவ்வளவு நேரம் பாட்டுக் கேட்டாலும் ஸ்டார்ட் ஆகிற பேட்டரிக்கு ஒன்றும் ஆகாது. அண்ணாச்சி கடைக்கும் வீட்டுக்குமாக வந்து போய்க்கொண்டிருந்தார். ஒருமுறை மட்டும் பின்னால் வந்து நின்று, காற்றாடியை விரலால் சுற்றிவிட்டுப் பார்த்துவிட்டுப் போனார்.

கிளம்பும்போது அக்காவிடம், "கரண்டு ஒழுகிக்கிட்டு இருந்துச்சுக்கா. கண்டுபிடிச்சுச் சரி பண்ணிட்டேன்" என்றேன்.

அக்கா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"இப்ப அவுக எம்புட்டு நேரம் உக்காந்தாலும் வண்டி ஸ்டார்ட் ஆகும்ல தம்பி?"

"ஒங்களுக்குத் தெரியுமாக்கா?"

"சாப்புட்ட கையோட சாவிய எடுத்துக்கிட்டுப் பின்னாடி போறாக. தெரியாம இருக்குமா? ஆனா பேட்டரி அதுனாலதான் எறங்குதுன்னு எனக்கு எப்பிடித் தெரியும்? நான் கொட்டகப் பக்கமே போகமாட்டேன் தம்பி. நான் பாத்துட்டேன்னு தெரிஞ்சா அவுக உக்காரமாட்டாக."

அந்த வாரம் புரோக்கர் வந்தாராம். "இப்பத்தான் சரியாகியிருக்கு, கொஞ்ச நாள் ஓட்டிப் பாப்போம்" என்று அண்ணாச்சியே சொல்லி அனுப்பிவிட்டாராம். அதன்பிறகு மகன் போன் வரும்போது எப்போதாவது வாங்கி, "சாப்ட்டியா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் அக்காவிடம் கொடுத்துவிடுவாராம். அதற்கு மேல் இரண்டு பேருக்கும் வாய் வரவில்லை. பையனும் வரவில்லை.

சில வருஷத்தில் காஜா பாய் இறந்துபோனார். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகைக்குக் கிளம்பியவர், சேரிலேயே சாய்ந்துவிட்டார். அதற்குப் பிறகு சாவியில் எத்தனையோ பேர் எனக்காக உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் வாய்விட்டுச் சொல்ல வேண்டியிருந்தது. பானெட் இடுக்கில் அந்தத் தொப்பி தெரியாதா என்று கை தானாக ஒரு நொடி காத்திருக்கும். வண்டி பிடித்துக்கொண்டபிறகு ஏன் நின்றது என்று கேட்க ஆள் இல்லை. வண்டிக்காரர்கள் பணத்தைக் கொடுத்துவிட்டுக் கிளம்பிப் போனார்கள். நானே எனக்குள் கேட்டுக்கொண்டேன். பிறகு முதுகு போனது.

போன வருஷம் ராஜாமணி அண்ணாச்சியும் காலமாகிவிட்டார். கடையில் கல்லாவில் இருந்தபடியே மார்வலி. செய்தி கேட்டு நானும் செல்வியும் போய்வந்தோம். கார்த்தி வந்து சேரும்போது எல்லாம் முடிந்திருந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்தபிறகு அக்கா போன் செய்தார்.

"தம்பி, ஒங்க ஒடம்பு சரியில்லன்னு தெரியும். ஒருக்கா வந்துட்டுப் போக முடியுமா? கார்த்தி அந்த வண்டிய எடுக்கணும்ங்குறான்."

செல்வி தடுக்கவில்லை. "குனியாதீக" என்று மட்டும் சொன்னாள்.

கார்த்தி நெடுநெடுவென்று உயரம். மொட்டைத் தலையோடு கொட்டகையில் நின்றிருந்தான். பானெட்டைத் திறந்து நான் சொன்னதை எல்லாம் அவனே பார்த்தான். கிளாம்பு இறுக்கமாக இருந்தது. சாவியைத் திருப்பினான். உடனே பிடித்துக்கொண்டது. எத்தனை நாளாயிற்று அந்தச் சத்தத்தை அவ்வளவு பக்கத்தில் நின்று கேட்டு. பானெட் விளிம்பில் கையை வைத்து அதன் அதிர்வை உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றேன்.

"இத்தன வருஷம் நின்ன வண்டி மாதிரியே இல்லண்ணே" என்றான்.

அக்கா அடுப்படி வாசலில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "அவனுக்கு ஒண்ணும் தெரியாது தம்பி. நீங்களே சொல்லிருங்க. நான் ஆரம்பிச்சா அழுகதான் வரும்."

ஒரு சுற்றுப் போய்ப் பார்ப்போம் என்று கார்த்தி கூப்பிட்டான். "முன்னாடி ஏறுங்கண்ணே" என்று இடது பக்கத்தைக் காட்டினான். எனக்கு அந்த சீட்டில் உட்கார மனம் வரவில்லை. என் முதுகுவலிக்குப் பின்சீட்டுதான் சௌகரியம் என்று சொல்லி அதில் ஏறிக்கொண்டேன். ஊரைத் தாண்டிப் பரளச்சி ரோட்டில் போனோம். இரண்டு பக்கமும் உழுது போட்ட கரிசல், மழைக்குக் கிடந்தது. அவனுடைய பிடரியைப் பார்த்துக்கொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். மத்தியானம், பாட்டு, துண்டு, அண்ணாச்சி சொன்ன வார்த்தைகள், ஒன்றுவிடாமல்.

அவன் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து, ஒரு கருவேல மரத்து நிழலில் ஓரங்கட்டி இன்ஜினை அணைத்தான். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். தோள் மட்டும் குலுங்கியது. நான் கண்ணாடிப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"எந்தப் பக்கம் உக்காந்திருந்தாருண்ணே?"

"இந்தா, இந்த இடது பக்கந்தான் தம்பி."

முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினான். "நீங்க ஓட்டுறீகளா? முதுகு தாங்குமா?" என்றான். தாங்கும் என்றேன். நான் முன்னால் போய்ச் சாவியில் உட்கார்ந்தேன். அவன் சுற்றி வந்து இடது பக்கம் ஏறினான். சீட்டு அண்ணாச்சியின் உயரத்துக்கு முன்னால் தள்ளியிருந்தது. அவனுடைய முழங்கால் இரண்டும் டேஷ்போர்டில் இடித்தன.

"சீட்டுக்கடியில கம்பி இருக்கும் தம்பி. இழுத்துப் பின்னாடி தள்ளிக்கங்க" என்றேன்.

"இருக்கட்டும்ணே. இப்பிடியே போவோம்" என்றான்.